ஆறு ஊசிகள்

அந்த அம்மா என் மேஜைமேல் கோப்பைத் திறந்து, பழுப்பேறிய ஒரு தாளின் அடியில் விரலை வைத்து, "இது உங்க கையெழுத்துதானே டாக்டர்?" என்று கேட்டார். என் கையெழுத்துதான். ஒன்பது வருடத்துக்கு முந்தையது. இப்போது போடுவதைவிட நிதானமாக, ஒவ்வோர் எழுத்தும் தெரியும்படி போட்டிருந்தேன். அதற்கு மேலே இருந்த பத்து வரிகளைப் படிக்கவேண்டிய தேவையே எனக்கு இல்லை. காலை பதினொன்று இருபதுக்கு மயக்க மருந்து செலுத்தப்பட்டது. இருபத்திரண்டுக்கு உடம்பெங்கும் தடிப்பு. இருபத்து மூன்றுக்கு ரத்த அழுத்தம் அளக்க முடியவில்லை. இருபத்தைந்துக்கு நாடி இல்லை. 

நான் மயக்க மருத்துவர். இருபத்து மூன்று வருடமாக இதே ஆஸ்பத்திரியில் ஆட்களைத் தூங்கவைத்து எழுப்பிக்கொண்டிருக்கிறேன். "உங்க பேச்சே போதுமே, மருந்து எதுக்கு?" என்பாள் என் மனைவி. தூங்கவைப்பது பெரிய காரியமில்லை, எழுப்புவதில்தான் இருக்கிறது தொழில் என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான், அந்தப் பதினொன்று இருபது வரைக்கும்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். டிரைவிங் டீச்சர். அப்போது ஒரு மாணவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்து, வண்டியை ஒரு மதிலில் கொண்டுபோய்ச் சாத்தியதில், கையை முன்னே ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்திருந்தார். தகடு வைத்துத் திருகவேண்டிய சின்ன அறுவை. சிரித்துப் பேசிக்கொண்டே மேஜைமேல் படுத்தார். நான் மருந்தைச் செலுத்தினேன். கத்தி அவர் தோலைத் தொடவேயில்லை. அதற்குள் தொண்டை வீங்கி அடைத்து, இதயம் நின்றுபோனது. அவர் மார்பின்மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கினேன். பதினோரு நிமிடம். என் மூக்குக்கண்ணாடி நழுவிக் கீழே விழுந்து என் காலிலேயே மிதிபட்டது வீட்டுக்குப் போனபின்தான் தெரிந்தது. நாலு நாள் கழித்துக் கண் திறந்தார். எலும்பை மாவுக்கட்டுப் போட்டே சேரவிட்டார்கள், அது கொஞ்சம் கோணலாகச் சேர்ந்துவிட்டது. கியர் போடும் கை.

விசாரித்தார்கள். யாராலும் முன்கூட்டித் தெரிந்துகொண்டிருக்க முடியாது என்று எழுதிக்கொடுத்தார்கள். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து யாருக்கு மருந்து செலுத்தினாலும் ஒரு மூச்சு நேரம் கை தானாக நிற்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். 

அந்த அம்மா தன் கழுத்தைச் சுற்றியிருந்த மெல்லிய துணியை அவிழ்த்தார். குரல்வளைக்குப் பக்கத்தில் கோழிமுட்டையளவு ஒரு வீக்கம், விழுங்கும்போது மேலே ஏறி இறங்கியது. தைராய்டுக் கட்டி. ஸ்கேன் படத்தில் மூச்சுக்குழாய் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, வளைத்துப் பிடித்த ஸ்ட்ரா மாதிரி இருந்தது. ஐந்து மாதமாக உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாராம். பேசினால் குரல் கரகரக்கிறது. "என்ன மேடம், தொண்டை கட்டியிருக்கா?" என்று மாணவர்கள் கேட்கிறார்களாம். புற்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எப்படியும் ஒரு மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் நகர்த்தினார். அவர் உடம்புக்கு ஒவ்வாத மருந்துகளின் பட்டியல் சிவப்பு மையில் இரண்டு பக்கமும் இருந்தது. நான் அன்றைக்குக் கொடுத்தவை எல்லாம் இருந்தன. பல் பிடுங்கும்போது போடுகிற மரத்துப்போகும் ஊசி வகைகள்கூட இருந்தன.

பக்கத்தில் அவருடைய கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. உள்ளே வந்ததிலிருந்து அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மேஜையில் இருந்த காகித எடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஒரு தடவை தூங்க வச்சீங்க. எழுப்ப நாலு நாள் ஆச்சு. இன்னொரு தடவை என்னால வெளிய உக்காந்திருக்க முடியாது."

 அந்த அம்மாதான் அவர் முழங்கையைத் தொட்டு அமர்த்திவிட்டு, தான் தூங்கப்போவதில்லை என்றார். விழித்துக்கொண்டே செய்துகொள்ளப் போகிறாராம். கோணல் மணிக்கட்டு குளிர் நாட்களில் குடைச்சல் கொடுக்கிறது என்று இரண்டு வருடமாக எங்கள் ஆஸ்பத்திரியின் வலி நிவாரண அறைக்கு வந்துபோகிறாராம். அங்கே இருக்கும் டாக்டரம்மா மருந்தில்லாத மெல்லிய ஊசிகளைக் குத்தியதில் குடைச்சல் அடங்கியிருக்கிறது. 'கைக்குக் கேக்குற ஊசி கழுத்துக்குக் கேக்காதா?' என்று அவரிடமே கேட்டாராம். முதலில் முடியாது என்றவர், ஒரு வாரம் யோசித்துவிட்டு, செய்யலாம், ஆனால் மயக்க மருத்துவர் ஒருவர் ஒத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டும் என்றிருக்கிறார்.

"வேற யாரையாவது கேட்டுப் பாருங்க," என்றேன்.  "என்னைவிட நல்லா பண்றவங்க இருக்காங்க."

அவர் அந்தப் பழுப்புத் தாளைத் திருப்பினார். பின்பக்கமும் என் எழுத்துதான். "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. பொண்ணு படிச்சுக் காட்டினா. நின்னுபோனதுக்கு அப்புறம் பதினோரு நிமிஷம் அமுக்கினது யாருன்னு இதுல எழுதியிருக்கு. நீங்க பக்கத்துல நின்னா போதும் டாக்டர். வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

வலி நிவாரண அறை எங்கள் தாழ்வாரத்தின் கடைசியில், துணி வெளுக்கும் பகுதிக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய உலர்த்தும் இயந்திரங்கள் நாள் முழுக்க உருளும். அந்த அறைக்கார டாக்டரம்மா எங்களைப் போலவே மயக்க மருத்துவம் படித்தவர். பிறகு வெளிநாட்டில் இரண்டு வருடம் அக்குபங்சர் கற்றுக்கொண்டு வந்தார். நல்ல படிப்பைக் கெடுத்துக்கொண்டவர் என்று எங்களுக்கெல்லாம் ஒரு எண்ணம். தியேட்டரில் அவருக்குக் 'குண்டூசி' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை. ஆனால் அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் என் சத்தமும் உண்டு. அவர் இங்கே வந்த ஆறு வருடத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தக் கதவைத் தட்டினேன்.

அவர் எனக்கு நாற்காலி கொடுத்துவிட்டுத் தான் முக்காலியில் உட்கார்ந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். வேறொரு ஆஸ்பத்திரியில் பதினான்கு பேருக்கு இந்த முறையில் கழுத்து அறுவைக்கு ஊசி வைத்திருக்கிறார். பன்னிரண்டு பேர் தாங்கினார்கள். இரண்டு பேர் பாதியில் முடியவில்லை என்று சொல்லி, தூங்கவைத்துத்தான் முடித்தார்கள். எல்லோருக்கும் பலிப்பதில்லை. யாருக்குப் பலிக்கும் என்று பழகிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

"வலி போகாது சார். குறையும். மிச்சத்தை அவங்கதான் தாங்கணும். அந்த மிச்சம் எவ்வளவுன்னுதான் நாம கண்டுபிடிக்கணும்."

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். பரீட்சை வைக்கும் தொனியில்தான் கேட்டேன், இப்போது நினைத்தால் கூசுகிறது. நரம்பு, மூளை, உடம்பே சுரக்கும் வலிமருந்து என்று தனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "முழுசா தெரியாது. முழுசா தெரியும்னு சொல்றவங்கள நம்பாதீங்க," என்றார். நான் கொடுக்கும் மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன என்பதும் எனக்கு முழுசாகத் தெரியாது. அதை நான் எந்த நோயாளியிடமும் இப்படி ஒத்துக்கொண்டதில்லை.

இருவரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். ஒவ்வாமைக்கான தோல் சோதனையில் தேறிய வலிமருந்து ஒன்று இருந்தது. அதை ஒரு சிட்டிகை அளவு கொடுக்கலாம். தூங்கவைக்கும் மருந்துகளிலும் ஒன்று தேறியிருந்தது, பால் போல வெள்ளையாக இருக்குமே, அது. ஆனால் தோலில் தேறியது ரத்தத்தில் தேறும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். எல்லாம் கைமீறினால் மட்டும், கடைசிக்குக் கடைசியாக, நான் அதைத் தொடவேண்டும்.

அடுத்த இரண்டு வாரத்தில் ஏழு அமர்வுகள். மத்தியானங்களில், என் வேலை முடிந்ததும், நானும் போய் ஓரமாக நிற்பேன். முதல் நாளே ஒரு விஷயம் என்னை அசத்தியது. ஊசி டாக்டர் அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. டிரைவிங் டீச்சரின் கட்டைவிரல் அகலத்தையே அளவாக வைத்து அவர் கையை அளந்தார். ஒவ்வோர் உடம்புக்கும் அதனதன் விரல்தான் கணக்காம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையில் ஒன்று, முன்கையின் உள்பக்கம் மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒன்று, இரண்டு கைக்கும் சேர்த்து நாலு. காதுக்கு ஒன்றாக இரண்டு. மயிரிழை கனத்தில் ஆறு ஊசிகள். கையில் இருந்த நாலையும் தீப்பெட்டியளவு மின்கருவியோடு மெல்லிய கம்பியால் இணைப்பார். குமிழைத் திருகினால் கட்டைவிரல்கள் தாளம் போடுவதுபோல் துடிக்கும்.

கோணல் கையில் அந்த இடம் எளிதில் அகப்படவில்லை. எலும்பு விலகிச் சேர்ந்ததில் தசைநார்கள் இடம் மாறியிருந்தன. ஊசியை வைப்பார், மெல்லச் சுழற்றுவார், "என்ன தெரியுது?" என்பார். "எறும்பு கடிச்ச மாதிரி" என்றால் எடுத்துவிடுவார். அது இல்லை. ஒரு நூல் தள்ளி மறுபடி. நாற்பது நிமிடம் இப்படியே போனது. சுவருக்கு அப்பால் இயந்திரம் உருண்டு நின்று, துணியைக் கொட்டி, மறுபடி உருண்டது. நான் கெடுத்த கையில் இன்னொருத்தர் இவ்வளவு பொறுமையாக எதையோ தேடுவதைப் பார்க்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் டிரைவிங் டீச்சர் சொன்னார்: "இப்ப கனமா இருக்கு. புதுசா கிளட்ச் மாத்தின வண்டிய மிதிச்ச மாதிரி. முழங்கை வரைக்கும் ஏறுது." ஊசி டாக்டர் பேனாவால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். குளித்தாலும் அழியாமல் தினமும் மேலே மேலே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மல்லாந்து படுக்கப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கழுத்துக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தால் மூன்றாம் நிமிடமே மூச்சு முட்டி எழுந்துவிடுவார். படுக்கையைச் சாய்த்துச் சாய்த்து, மூச்சை எண்ணி எண்ணி, மூன்று நிமிடம் எட்டானது, எட்டு இருபதானது, ஏழாம் அமர்வில் ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தார். வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் தான் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தால் வண்டி கேட்காது, தளரப் பிடிக்கவேண்டும் என்பாராம். இருபது வருடமாகப் பயந்தவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சம்பாதித்த நிதானம். எந்தக் கல்லூரியில் கிடைக்கும் அது.

சைகைகளும் முடிவாயின. ஒரு விரல் தூக்கினால் தாங்கமுடிகிறது. இரண்டு விரல், கொஞ்சம் நிறுத்துங்கள். கை முழுவதையும் தூக்கினால் போதும், தூங்கவையுங்கள்.

சர்ஜன் கடைசி அமர்வுக்குத்தான் வந்தார். வேகமான கைக்காரர், பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நின்றார். ஊசிகள் ஓடிக்கொண்டிருக்க, பல் வைத்த இடுக்கியால் கழுத்துத் தோலைக் கவ்விப் பிடித்தார். பிடிப்பது தெரிகிறது, வலிக்கவில்லை என்றார் டிரைவிங் டீச்சர். இன்னும் அழுத்தினார். அதே பதில். சர்ஜன் நம்பாமல் அதே இடுக்கியால் தன் முன்கையைக் கவ்விப் பார்த்து, துள்ளிக் கையை உதறிக்கொண்டார். அறையில் முதல்முறையாக எல்லோரும் சிரித்தோம். மறுநாள் காலை எட்டரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலை நான் இரண்டு முறை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டேன். தியேட்டருக்கு வெளியே அவர் கணவர், எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். உள்ளே போகும் தள்ளுபடுக்கையோடு கதவுவரை வந்து நின்றுவிட்டார்.  அவர் பார்வை மட்டும் என் கைகளில் ஒரு கணம் நின்று போனது.

ஏழே முக்காலுக்கு ஆறு ஊசியும் இறங்கின. எட்டேகால்வரை ஒன்றும் செய்யாமல் காத்திருந்தோம். வழக்கமாக அந்த நேரத்தில் தியேட்டர் சந்தைக்கடை மாதிரி இருக்கும். நோயாளி தூங்கியபின் நாங்கள் பேசாத பேச்சில்லை, அடிக்காத அரட்டையில்லை. அன்றைக்கு எல்லோரும் கோயிலுக்குள் நுழைந்தவர்களைப் போல அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் மேஜைமேல் இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம். முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவே பச்சைத் துணியால் திரை கட்டினோம். திரைக்கு இந்தப் பக்கம், அவர் தலைமாட்டில், நானும் ஊசி டாக்டரும். பால்வெள்ளை மருந்தை ஏற்றிய சிரிஞ்சை என் வலது பக்கத் தட்டில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன்.

சர்ஜன் கோடு இழுத்தார். நான் கத்தியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். புருவத்தில் சின்னச் சுளிப்புகூட இல்லை.

"ஆரம்பிச்சாச்சா?" என்றார் டிரைவிங் டீச்சர்.

"ஆச்சும்மா," என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து சர்ஜனின் குரல். அவர் நோயாளியிடம் பேசிக்கொண்டே அறுத்தது அவர் வாழ்நாளிலேயே அன்றுதான் முதல்முறையாக இருக்கும்.

"ஐஸால கோடு போட்ட மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு டிரைவிங் டீச்சர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஐம்பது நிமிடம் தெளிந்த நீரோட்டம்போலப் போனது. நாடித்துடிப்பு எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தாறு. ஊசி டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து, டிரைவிங் டீச்சரின் நரைத்துக்கொண்டிருந்த நெற்றி மயிரை அவ்வப்போது விலக்கிவிட்டபடி, காதோரம் தணிந்த குரலில் எதையாவது சொல்லிக்கொண்டேயிருந்தார். இப்போது இழுப்பது போலிருக்கும், இப்போது அழுத்தம் தெரியும், மூச்சை நீளமாக விடுங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடுகிறது. நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் ஒரு இடத்தில் நிற்பது இவ்வளவு கடினம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

கட்டியின் மேல்முனை தாடைக்கு அடியில் ஆழமாக ஒட்டியிருந்தது. அதை விடுவிக்க சர்ஜன் பலமாக இழுக்கவேண்டியிருந்தது. மானிட்டரில் நாடித்துடிப்பு எண்கள் ஏறின. தொண்ணூறு, நூற்றுப்பத்து, நூற்றிருபத்தெட்டு. டிரைவிங் டீச்சரின் கண்ணோரத்தில் நீர் கோத்து, காதை நோக்கி வழிந்தது. இரண்டு விரல்கள் எழுந்தன.

"நிறுத்துங்க," என்றேன்.

சர்ஜன் நிறுத்தினார். ரத்தக்கசிவு, இப்படிப் பாதியில் ரொம்ப நேரம் விடமுடியாது என்றார். பிறகு அந்த வார்த்தை வந்தது. "தூங்க வச்சிடுங்க. ரிஸ்க் எடுக்கவேணாம்."

என் கை சிரிஞ்சின்மேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது. ஊசி டாக்டர் என்னைத் தடுக்கவில்லை. அவர் மின்கருவியை நிறுத்திவிட்டு, கோணல் மணிக்கட்டில் இருந்த ஊசியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக் கையாலேயே சுழற்றத் தொடங்கியிருந்தார், ஒரே சீராக, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல. அவர் முகத்தில் வியர்வை. ஆனால் விரல்களில் அவசரமே இல்லை. நான் டிரைவிங் டீச்சரின் மற்றொரு கையைப் பார்த்தேன். இரண்டு விரல்கள்தான். கை முழுதாக எழவில்லை.  ஒன்பது வருடத்துக்கு முன்பு எல்லாம் கைமீறியபோது என்ன செய்வதென்று நான் அவரைக் கேட்காமலே முடிவெடுத்தேன், கேட்க வழியில்லை, தூங்கிவிட்டிருந்தார். இப்போது கேட்கலாம். குனிந்தேன்.

"அம்மா, தூங்க வைக்கட்டுமா?"

அவர் கண்ணைத் திறந்து என்னைத் தலைகீழாகப் பார்த்தார். உதடு வறண்டிருந்தது. "கொஞ்சம் இருங்க டாக்டர். வண்டி மேட்டுல நிக்குது. அவசரப்பட்டா பின்னால போயிடும்."

சிரிஞ்சிலிருந்து கையை எடுத்தேன். சர்ஜன் இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் ஒருவருக்காகக் காத்து நின்று நான் பார்த்ததில்லை. நாலு நிமிடம்.  ஊசி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. நூற்றிருபது. நூற்றெட்டு. தொண்ணூற்றாறு. இரண்டு விரல்களில் ஒன்று மெல்ல மடிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கட்டியின் பின்பக்கத்தில், குரலுக்கான நரம்பு நூலிழைபோல ஓடுகிறது. கட்டி வளர்ந்த வளர்ச்சியில் அது எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று சர்ஜனுக்குத் தெரியவில்லை. தூங்குகிறவர்களிடம் அனுமானத்தில்தான் போகவேண்டும். "அம்மா, ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தாம," என்றார்.

பேசச் சொன்னால் என்ன பேசுவது என்று அவர் யோசிக்கவேயில்லை. "சீட்ட முன்னால தள்ளிக்கோங்க," என்று தொடங்கினார். "கண்ணாடிய சரி பண்ணுங்க. என் மூஞ்சி தெரிய வேணாம், பின்னால வர்ற வண்டி தெரியணும். பெல்ட்டு. இப்ப கிளட்ச்ச முழுசா மிதிங்க. ஃபர்ஸ்ட் கியர். பயப்படாதீங்க, என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு. மெதுவா, மெதுவா கிளட்ச்ச விடு..."

குரல் அறுந்தது. வாய் அசைகிறது, வெறும் காற்று வருகிறது.

சர்ஜனின் கை அப்படியே உறைந்தது. இடுக்கியை ஒரு மயிரளவு பின்னால் எடுத்தார். நாங்கள் எல்லோரும் அந்த வாயையே பார்த்தோம்.

"...ங்க," என்று குரல் திரும்பி வந்தது. "இன்டிகேட்டர் போடாம ஏன் திருப்புறீங்க?"

அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் சர்ஜன், "தப்புதாங்கம்மா," என்றார். பிறகு வேறு வழியாகச் சுற்றிப்போனார். அடுத்த இருபது நிமிடமும் அந்தக் குரல் ஒரு வண்டியைத் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு ஏற்றி, வட்டச் சந்திப்பில் திருப்பி, பின்னால் எடுத்து நிறுத்தும்வரை நிற்கவேயில்லை. சர்ஜன் அந்தச் சத்தத்தைக் கைவிளக்குப்போலப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். எனக்கு இருபத்து மூன்று வருட அனுபவம். அந்த அறையில் இருந்தவர்களிலேயே எதற்கும் உதவாதவன் நான்தான். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்பு நான் அனுபவித்ததில்லை.

கட்டி வெளியே வந்தது. பார்க்கவேண்டும் என்றார். காட்டினோம். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்," என்று கண்ணை மூடிக்கொண்டார். அதை டப்பாவில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகும். புற்றா இல்லையா என்பது அதற்கப்புறம்தான்.

கடைசித் தையலும் போட்டபின் ஊசி டாக்டர் ஆறு ஊசிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு சொட்டு ரத்தம்கூட வராத அந்த இடங்களைப் பஞ்சால் ஒற்றினார். முக்காலியிலிருந்து எழுந்தவரின் கால் மரத்துப்போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டார். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். "டாக்டர்," என்றேன்.  "அந்தக் கையில இடம் தேடினீங்களே, அன்னைக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். எனக்கு அத ஒரு நாள் காட்டித் தரணும்." அவர் தலையை மட்டும் ஆட்டினார். 

தள்ளுபடுக்கையைக் கொண்டுவந்தார்கள். டிரைவிங் டீச்சர் வேண்டாம் என்று கையசைத்தார். அரைமணி நேரம் மெல்லமெல்லச் சாய்வை உயர்த்தி உட்காரவைத்தோம். ரத்த அழுத்தம் பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். சர்ஜன் முகமூடியை இறக்கிவிட்டு, பரவாயில்லை, கதவு வரைக்கும் என்றார். கால்களைத் தொங்கவிட்டவர் தரையில் எதையோ துழாவினார். செருப்பு. அங்கே யாரும் செருப்பு வைத்திருக்கவில்லை. அந்த அறையிலிருந்து இதுவரை எந்த நோயாளியும் நடந்து வெளியே போனதில்லை. ஒரு நர்ஸ் தன்னுடைய நீலச் செருப்பைக் கழற்றி முன்னால் வைத்தார். இரண்டளவு பெரியது. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் ஊசி டாக்டரும் பிடித்துக்கொள்ள, கழுத்தில் கட்டோடு, செருப்பு தரையில் தேய, அடியடியாக நடந்தார். சர்ஜனே முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

தாழ்வாரத்தின் எதிர்ச் சுவரோரமாக அவர் கணவர் நின்றிருந்தார். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் திரும்பினார். தள்ளுபடுக்கையில் ஒரு முகம் எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்துக்கு அவர் கண்கள் தாழ்ந்தன. அங்கே முகம் இல்லை. அவர் இன்னும் கீழே பார்த்தார். இரண்டு பெரிய நீலச் செருப்புகள், அவற்றுக்குள் தனக்குத் தெரிந்த இரண்டு பாதங்கள், ஒன்று மற்றொன்றை மெல்லத் தாண்டி, தன்னை நோக்கி வந்துகொண்டிருந்தன.